தறிக்கு வர 35 வயது ஆக வேண்டுமா? ஆரணிப் பட்டு நெசவாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கைத்தறிப் பட்டு நெசவாளர் சங்கம், ஆரணி வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: கைவினைத் திட்டத்தில் இளம் நெசவாளர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்துதல், பட்டு நூல் விலை, கிரிவலப் பாதையில் விற்பனை இடம் ஆகியவை குறித்து.



தறியில் உட்காராத நாளுக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியை விட்டுவிட்டுத்தான் இந்தத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறோம். வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெசவாளி வீட்டுப் பிள்ளை நெசவுக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. படித்து முடித்துவிட்டுத் தானாக நெசவுக்கு வருகிற பிள்ளையை யாரும் தடுக்கவும் கூடாது. இதில் முதல் பாதியைப் பற்றி நாடெங்கும் பேசுகிறார்கள். இரண்டாம் பாதியைப் பேச ஆள் இல்லை.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பயன் பெறக் குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்து, 1954-இல் காமராஜர் கைவிட்ட, பாதி நாள் பள்ளி பாதி நாள் குலத்தொழில் என்ற திட்டம் தமிழ்நாட்டுக்கு மறக்கவில்லை. குலக்கல்வி மறுபடியும் வருகிறது என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. தார் சுற்ற ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே 2024 நவம்பரில் மாநில அரசு அத்திட்டத்தை அந்த வடிவில் ஏற்க மறுத்ததில் எங்களுக்கு மனக்குறை இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குலத்தொழில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தறிதான். ஆனால் அத்திட்டத்தின் 18 தொழில்களில் கயிறு திரிப்பவருக்கு இடம் இருக்கிறது, சேலை நெய்பவருக்கு இல்லை.

மாற்றாக 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் குலம் பார்க்கவில்லை, துணி நெய்தலையும் சேர்த்துக்கொண்டது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் கல்லூரியை விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்துவிட்டு 22 வயதில் ஊர் திரும்புகிறவன், இன்னும் 13 வருடம் என்ன செய்வான்? நெசவாளர் முத்ரா கடன் இருக்கிறதே என்பார்கள். கூலிக்கு நெய்பவனிடம் சொந்தப் பாவும் இல்லை, சொந்தக் கணக்கும் இல்லை. வங்கியில் கேட்கும் தாள்களுக்கு அவன் எங்கே போவான்? பட்டயமோ பட்டமோ முடித்தவர்களுக்கு மட்டும் இந்த வயதை 21 ஆகக் குறைக்க, மாவட்டத் தொழில் மையம் வழியாகத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். எங்கள் தலையாய கோரிக்கை இதுதான்.

தறியை விட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, குறை சொல்ல மாட்டோம். ஆனால் 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி என்று அறிவித்தபோது, ஆர்டர் குறையுமோ என்ற பேச்சு எங்கள் திண்ணை வரை வந்தது. அந்த வரி பிறகு எப்படி ஏறி இறங்கினாலும், வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து ஆரணி அடுப்பைத் தொடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

நூல் விஷயத்திலும் இதே கதைதான். இறக்குமதிக் கச்சாப் பட்டுக்கான சுங்க வரி 2011-இல் 30 சதவீதத்திலிருந்து 5 ஆனது, 2013-இல் 15, பிறகு 10, 2021 பட்ஜெட்டில் திரும்பவும் 15. வரி இறங்கினால் மல்பெரி போட்ட விவசாயி அழுகிறார், ஏறினால் நாங்கள் அழுகிறோம். அவர் வயிற்றில் அடித்து எங்களுக்கு நூல் மலிவாக வேண்டாம். தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் உள்நாட்டுப் பட்டு நூலுக்குத் தரும் 15 சதவீத விலைச் சலுகையும், மாநிலக் கூட்டுறவு இணையமான தான்சில்க்கின் நூலும் கூட்டுறவுச் சங்கத்துக்கு வெளியே தனியாரிடம் கூலிக்கு நெய்பவரையும் எட்ட வேண்டும். அதற்கு ஆரணியில் ஒரு நூல் வங்கி போதும்.

பிள்ளைகள் படித்துவிட்டுத் தறிக்கு வர, முதலில் பள்ளி நன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்விக்கு 2024-25-இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்ட தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது தங்கள் மேசையில் தீரக்கூடியதல்ல. நெசவாளர் தெருப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது அப்படியல்ல. அதையாவது மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறோம்.

கடைசியாக, இந்தத் திருவண்ணாமலையைப் பற்றி. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அவர்களில் எத்தனை பேருக்கு, புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இதே மாவட்டத்தில் நெய்யப்படுவது தெரியும்? மாட வீதியில் அந்தப் பெயரைச் சொல்லி விசைத்தறிச் சேலையை விற்க முடிகிறது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 11 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியும் சோதனை அரிதாகவே நடக்கிறது. தீபத் திருவிழா தொடங்குமுன் அமலாக்கப் பிரிவினர் கடைகளில் சோதனை நடத்த வேண்டும். கிரிவலப் பாதையில் நெசவாளர்களே நேரில் விற்க வாடகையில்லாத நிரந்தர இடம் ஒன்று வேண்டும். இதற்குத் தில்லிக்கோ சென்னைக்கோ எழுத வேண்டியதில்லை; தங்கள் ஒரு கையெழுத்தே போதும்.

இணைப்பு: உறுப்பினர் கையொப்பப் பட்டியல். கைத்தறிப் பட்டுத் துண்டு ஒன்று, அதே பெயரில் விற்ற, பட்டே அல்லாத விசைத்தறித் துண்டு ஒன்று. இரண்டிலிருந்தும் ஓர் இழை எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு மட்டும் முடி கருகும் வாடை அடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் சார்பில் தலைவர், செயலாளர்.

நகல்: கைத்தறித் துறை இயக்குநர், சென்னை.