ஓடுகிற வாட்சை ஏன் திறக்க வேண்டும்?

ரிப்பேர் கடைக்கு வரும் சாவி வாட்சுகளில் பெரும்பாலானவை நின்றுபோன பிறகுதான் வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுவருபவர் அபூர்வம். 'ஓடுறதை ஏன் நோண்டணும்?' என்பது நம் வீடுகளில் எல்லாப் பொருளுக்கும் பொதுவான நியாயம். மிக்சிக்கும் மின்விசிறிக்கும் அது ஓரளவு செல்லும். சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரத்துக்குச் செல்லாது. அது நின்ற அன்றைக்குப் பழுதாவதில்லை. நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழுது தொடங்கிவிடுகிறது, அந்தப் பழுதோடேயே ஓடுகிறது. ஆகவே அதைப் பராமரிப்பது என்றால் நன்றாக ஓடும்போதே பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டுவதுதான். அதைச் சொந்தக்காரர் செய்ய முடியாது, கைதேர்ந்த ஒருவர்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்களையும் அவர்களுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் இல்லாமல் ஆக்கிவிட்டு, வாட்சைப் பாதுகாக்கக் குறிப்புகள் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறை மாப்பிள்ளைகள் கல்யாணத்தில் கட்டிக்கொண்ட வாட்ச் அது. இன்றும் பல வீட்டு பீரோக்களில் கிடக்கிறது. அதன் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. நாளைக்கு 4,32,000 முறை. ஓர் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்தைத் தாண்டும். அந்தச் சக்கரத்தின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். அது திரும்புவது செயற்கை மாணிக்கக் கல்லில் இட்ட துளைக்குள். கல்லுக்கும் முனைக்கும் நடுவே வெறுங்கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அளவு எண்ணெய். ஆண்டுகள் போகப் போக அந்த எண்ணெய் பரவி, கெட்டியாகி, காய்ந்துவிடுகிறது. கல் எஃகைவிடக் கடினமானது, தேய்வது அச்சுதான். தேய்ந்த துகள் பழைய எண்ணெயோடு குழைந்து கறுத்த பசையாகி, மேலும் மேலும் அச்சை அராவுகிறது. எல்லா இடத்திலும் கல்லும் கிடையாது. 17 ஜூவல் என்று டயலில் போட்டிருக்கும் வாட்சில் மெயின் ஸ்பிரிங் டப்பாவின் அச்சு பித்தளைத் துளையிலேயே திரும்புகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் வட்டத் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். இவ்வளவும் நடக்கும்போது வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் ஸ்பிரிங்கில் உபரி விசை இருக்கிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும், அவ்வளவுதான். சொந்தக்காரரும் முள்ளைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இதோடு ஊரின் காற்றும் மண்ணும் சேர்ந்துகொள்கின்றன. வானூர் வட்டத்து இரும்பையில் ஒருவர் தினமும் சாவி வாட்ச் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே சில கிலோமீட்டரில் வங்கக் கடல். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். ஊருக்கு மேலே, ஆரோவில் மரம் வைத்துப் பசுமையாக்கும் முன் மழை அரித்துக்கொண்டிருந்த செம்மண் மேடு. உப்பு ஈரம், செந்தூசி, சித்திரை வெயிலின் வியர்வை மூன்றும் சாவித் திருகின் இடுக்கு வழியாகவும், அழுத்திப் பொருத்திய பின்மூடியின் விளிம்பு வழியாகவும் உள்ளே போகும். ரோலெக்ஸ் நிறுவனம் தன் வாட்சுகளைச் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஒமேகா 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. அவை இறுக்கமான வாஷர்களும் இன்றைய செயற்கை எண்ணெயும் கொண்டவை. நாற்பது வயது ஜனதாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம் கரையோர ஊர்களில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதே என் கணிப்பில் நியாயமான தவணை. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் வைத்துக் காயவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கண்ணாடி தெளிந்துவிடும், ஈரம் போய் எஃகில் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கே கடைக்குப் போவதுதான் வழி.

சொந்தக்காரர் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது, திருகு கெட்டியாகும்போது நிறுத்திக்கொள்வது, தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் நடுவே தேதியைத் திருப்பாமல் இருப்பது, குளிக்கும்போது கழற்றிவைப்பது. ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு இவற்றின் மேல் வைக்காமலும் இருக்க வேண்டும்; காந்தம் ஏறினால் பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் தாறுமாறாக முந்தும். கட்டாமல் கிடக்கும் வாட்சை மாதம் ஒருமுறை ஓடவிட வேண்டும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஓடாத அச்சு தேய்வதில்லை. எண்ணெய் காய்ந்த வாட்சை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் கெடுதல்.

சரி, திறக்கலாம், யாரிடம் கொடுத்துத் திறப்பது? 'திறந்தால் கெடுத்துவிடுவார்கள்' என்பதே என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு, அதில் உண்மையும் இருக்கிறது. பாகம் பாகமாகப் பிரிக்காமல் முழு இயந்திரத்தையும் பெட்ரோலில் முக்கி எடுத்து, கண்ட இடத்தில் எண்ணெயைத் தொட்டு வைத்துத் தருகிறவர்கள் உண்டு. அதிகப்படி எண்ணெய் ஹேர் ஸ்பிரிங்கில் ஏறினால் காந்தம் ஏறியது போலவே சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். அளவு பொருந்தாத திருப்புளியால் ஸ்குரூவின் வாய் சிதைந்த வாட்சுகளும் ஏராளம். ஆனால் இந்த அவசரத்துக்குக் காரணம் என்ன? முறையாகப் பிரித்து, கழுவி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துளைக்கும் அளந்து எண்ணெய் விட்டு, நான்கைந்து நிலைகளில் வைத்து ஓட்டம் பார்க்க மணிக்கணக்கில் ஆகும். பேட்டரி மாற்ற ஐந்து நிமிடம். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே கூலியைப் பேசிவிட்டு வேலை மட்டும் சுத்தமாக வேண்டும் என்றால் எப்படி? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கண்ணாடிப் பெட்டியும் இடுக்கியுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் பேட்டரியும் பட்டையும் மாற்றியே பிழைக்க வேண்டியிருப்பது திறமைக் குறைவால் அல்ல. அந்தக் கூலிக்கு அதற்குமேல் செய்தால் கட்டுப்படியாகாது.

உதிரிப் பாகத்தின் கதை இதைவிட மோசம். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூருவில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர் என்று நாட்டின் மணிக்கட்டையெல்லாம் அது பிடித்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனை நிறுவி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்தபின் ஆட்டம் மாறிவிட்டது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நட்டத்தில் ஓடிய ஆலையை மூடியதில் எனக்கு மனக்குறை இல்லை. கோடிக்கணக்கான வாட்சுகள் மக்கள் கையில் இருக்கும்போது உதிரிப் பாகத்துக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்காததுதான் குறை. இன்று ஒரு ஜனதாவுக்கு அச்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு ஜனதாவைப் பிரிக்க வேண்டும். ஒன்று பிழைக்க ஒன்று சாகிறது. போதாததற்கு, பழைய இயந்திரத்துக்குப் பச்சையும் ஆரஞ்சுமாகப் புது டயல் அச்சிட்டு, கலப்படப் பாகங்களோடு 'புதுப்பித்தது' என்று இணையத்தில் விற்கும் வியாபாரம் வேறு நடக்கிறது. மேலே பளபளப்பு, உள்ளே அதே கறுத்த பசை. பழமை மோகத்தில் வாங்குகிறவர்கள் பழைய வாட்சைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். பல நேரம் நல்ல வாட்சுகள் பிரிபடுவதற்கே அந்தக் காசு போகிறது.

செல்போனிலேயே நேரம் தெரிகிறதே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நேரம் பார்க்க மட்டும் என்றால் எந்தப் பாடும் வேண்டாம். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தோடு எந்தச் சக்கரமும் போட்டி போட முடியாது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குத் தப்புகிற நொடிகளை நல்ல சாவி வாட்ச் ஒரே நாளில் தப்பிவிடும். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மலிவான குவார்ட்ஸ் இயந்திரம் கெட்டால் முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போடுகிறார்கள். ஸ்மார்ட் வாட்சின் ஆயுளை அதன் பேட்டரியும் மென்பொருளும் முடிவு செய்கின்றன. சாவி வாட்ச் மட்டும் அடிக்கடி தொட்டுச் சீர்செய்தால் மூன்று தலைமுறை ஓடும்படி கட்டப்பட்டது. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளத்தில், கடுவெளிச் சித்தரின் பாட்டால் வெடித்ததாகத் தலக்கதை சொல்லும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் இணைத்து இன்றும் பூசை செய்கிறார்கள். பின்னமானதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உடைந்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்தப் புத்தி ஊரிலேயே இருக்கும்போது, அதற்குப் பயிற்சியும் பாகமும் மட்டும் கிடைக்காமல் போவானேன்?

இங்கேதான் அரசைக் கேட்க வேண்டியிருக்கிறது. டைட்டனில் கால் பங்குக்கும் மேல் டிட்கோவிடம், அதாவது தமிழ்நாட்டு மக்களிடம் இருக்கிறது. கைக்கடிகாரத் தொழிலில் இவ்வளவு பெரிய பங்கு வைத்திருக்கும் அரசு, சாவி வாட்சைப் பிரித்துப் பூட்டக் கற்றுத்தரும் ஒரு பயிற்சியை மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது நடத்தினால் என்ன? பழைய எச்.எம்.டி. இயந்திரங்களுக்கு அச்சு, ஸ்பிரிங், கிரவுன், வாஷர் என்று அடிக்கடி தேய்கிற சில பாகங்களையாவது ஓசூர்ப் பக்கத்துச் சிறுதொழில் பட்டறைகளில் செய்யவைக்கலாம். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் ஆகியவை அதன் முதல் துறைகள். கைக்கடிகாரம் அதில் இல்லை. தயாரிப்பாளர்களின் பெருந்தன்மைக்கு இதை விட்டுவிடலாமா என்றால், ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும். உதிரிப் பாகம் தர மறுக்கிறார்கள் என்று சுவிஸ் நிறுவனங்கள்மீது அங்குள்ள தனிக் கடைக்காரர்களின் கூட்டமைப்பு 2004இல் புகார் கொடுத்தது. பதிமூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தக் கடைக்காரர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது.

அரசுக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லையா என்பது எப்போதும் வரும் கேள்வி. இருக்கிறது. ஆனால் ஒரு மேசை, ஒரு லென்ஸ், இரண்டு இடுக்கி, சில திருப்புளிகள் என்று இவ்வளவு குறைந்த முதலில் தொடங்கி, உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய தொழில்கள் அதிகம் இல்லை. நடக்க இயலாதவரும் செய்யலாம். வாட்சின் விலையைவிட சர்வீஸ் கூலி அதிகமாகிறதே என்பது வாடிக்கையாளர் தரப்பின் நியாயமான புகார். வாங்கிய அன்றைய விலையோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். அடுத்த ஐந்தாண்டுக்கு வகுத்துப் பார்த்தால் மாதத்துக்குச் சில டீயின் காசு. அந்தக் கூலியைக் கொடுப்பவர் பதிலுக்குச் சிலவற்றைக் கேட்கவும் செய்யலாம்: முழுதாகப் பிரித்தீர்களா, படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் ஓட்டம் பார்த்தீர்களா, மாற்றிய பழைய பாகம் எங்கே என்று. திறந்த தேதியைப் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிவைப்பது பழைய கடைக்காரர்களின் வழக்கம்; அதையும் செய்து தரச் சொல்லுங்கள். ஐந்தாண்டு கழித்து வேறு கடைக்கே போனாலும், மூடியைத் திறப்பவர் சக்கரத்தைத் தொடும் முன் அந்தக் கீறலைத்தான் தேடுவார்.