விஜயசாந்தியின் காக்கிச் சட்டை

சண்டைப் படமென்றால் நாயகி பாட்டுக்கு மட்டும்தான் என்பார்கள். 1990இல் தெலுங்கில் வந்த 'கர்த்தவ்யம்' அதைப் பொய்யாக்கியது. காவல்துறை அதிகாரியாக நடித்த விஜயசாந்திக்குத் தேசிய விருதே கிடைத்தது! தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆன அப்படத்தை வீடியோ நாடாவில் பார்த்த எங்கள் ஜாசின் தோட்டத்து அக்காமார்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

1992இல் 'மன்னன்'. அதே விஜயசாந்தி, தொழிற்சாலை முதலாளி. திமிர் பிடித்தவராம்! கடைசியில் ரஜினி வேலைக்குப் போக, அவர் வீட்டோடு இருந்துவிடுகிறார். தொலைக்காட்சியில் போட்டால் இன்றும் கைதட்டுகிறோம்.

சரி, சினிமாவை விடுங்கள். நம் கழக நாடகத்தில் பெண்களுக்கு என்ன வேடம்? அம்மா, தங்கை, அழும் காதலி. இத்தனைக்கும் கழகத்தில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த ஆண்டு நாடகத்தில் ஒரு காவல்துறை அதிகாரி வேடத்தைப் பெண்ணுக்கு எழுதுங்கள். சிலம்பம் தெரிந்த தோழியர் இருவர் தயாராக இருக்கிறார்கள்.