முதலில் யாருக்குப் பச்சை?

கொல்லிமலை அரியூர் நாட்டுக்காரர் ஒருவரிடம் போய், "நாற்சந்தியில் நிற்கிற சிக்னல் விளக்கும் ரோட்டில் ஓடுகிற வண்டியும் இனிமேல் தமக்குள் பேசிக்கொள்ளப் போகின்றன" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அவர் காரவள்ளிக்கு இறங்கி வருகிற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உண்டு. சிக்னல் விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் வேறு யாருமில்லை என்பது என் கட்சி.

சங்கதி இதுதான். வண்டிக்குள் ஒரு சிறு வானொலிப் பெட்டி. நான் இன்ன இடத்தில், இன்ன வேகத்தில், இன்ன திசையில் போகிறேன் என்று விநாடிக்குப் பத்துத் தடவை அது சொல்லிக்கொண்டே போகும். சுமார் முந்நூறு மீட்டர் வட்டாரத்தில் அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிற வண்டிகளுக்கெல்லாம் அது கேட்கும். நாற்சந்தியிலும் ஒரு பெட்டி இருக்கும். இப்போது பச்சை, இன்னும் பன்னிரண்டு விநாடியில் சிவப்பு என்று அது தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மறைந்து வருகிற வண்டியை முன்கூட்டியே அறிந்து மோதலைத் தவிர்க்கலாம் என்கிறார்கள் நிபுணர்கள். பொய் இல்லை. நல்ல மூளைகள் உழைத்துக் கண்டுபிடித்த நல்ல சாதனம். அதோடு எனக்குச் சண்டை கிடையாது. அதை முதலில் யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

அமெரிக்காவில் முதலில் யார் கைக்குப் போயிற்று தெரியுமா? 2016 டிசம்பரில், லாஸ் வேகாஸ் நகரத்தில், ஆடி காரின் சொந்தக்காரருக்கு. சிவப்பில் நிற்கும் நேரத்தில், இன்னும் எத்தனை விநாடியில் பச்சை வரும் என்று அவர் காருக்குள்ளேயே எண்ணிக் காட்டியது விளக்கு. அதாவது, குளிர்ந்த காரில், மெத்தை இருக்கையில், பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்குக் காத்திருக்கிற அலுப்புத் தெரியக்கூடாது! விஞ்ஞானம் தொண்டு செய்யப் புறப்பட்டால் இப்படித்தான் வாசல் பார்த்துப் போகிறது.

நம் ஊருக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசாங்கத்தின் கணக்கு இது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. செத்தவர்களில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 பேர் காலால் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் அறுபத்து நான்கு. இந்த அறுபத்து நான்கு பேரில் நடந்து போனவர் பெட்டியை எங்கே மாட்டிக்கொள்வார்?

என் எஞ்சினீயர் நண்பர் ஒருவர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். "கைப்பேசியே பெட்டியாகிவிடும்" என்கிறார். தலையில் பலாப்பழமும் இடுப்பில் பிள்ளையுமாகச் சாலையைக் கடக்கிற பெண்ணின் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால், அவள் சாலையிலேயே இல்லாதவள் ஆகிவிடுவாளா? வண்டி ஓட்டுகிறவன் கண்ணை நம்பாமல் பெட்டியை நம்பப் பழகிய பிறகு, பெட்டியில்லாதவளின் கதி என்ன? நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மலைக்காரர் சாலையில் பேசுகிற பாஷை வேறு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிறார். எதிரே லாரி வந்தால் லாரிக்குக் கேட்கிறது. மாடு ஓட்டி வருகிறவனுக்கும் கேட்கிறது, மாட்டுக்கும் கேட்கிறது. மிளகு மூட்டையைத் தோளில் வைத்து ஓரமாக நடக்கிறவருக்கும் கேட்கிறது. காது ஒன்று போதும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. வளைவுக்கு அப்பாலிருந்து பதில் ஹாரன் வந்தால் ஒருவர் நின்றுவிடுகிறார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று மோட்டார் சட்ட விதிகளில் எழுதியிருக்கிறது. எழுதியதைப் படிக்காதவர்களும் அப்படியே செய்கிறார்கள். ஏறுகிற வண்டியை நடுவில் நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று மலையில் ஒரு தடவை வண்டி ஓட்டியவனுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. இந்தப் புதுப் பெட்டியின் அலை பாறையைத் துளைத்துக்கொண்டு போகிற ஜாதி இல்லை. வளைவைச் சுற்றி ஹாரன் சத்தம் போய்விடும். பெட்டியின் பேச்சு பாறையில் முட்டிக்கொண்டு நின்றாலும் நிற்கும்.

அப்படியானால் மலைக்காரருக்கு இந்தச் சாதனத்தால் பிரயோசனமே இல்லையா? இருக்கிறது. அது மலையில் இல்லை. மலைக்குக் கீழே இருக்கிறது.

பிரசவ வலி கண்ட ஒரு பெண், அல்லது பாம்பு கடித்த ஒரு விவசாயி. செம்மேட்டு அரசு மருத்துவமனையில் முடியவில்லை, கீழே கொண்டு போங்கள் என்கிறார்கள். 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற 108 வண்டி வருகிறது. நல்ல காரியம், அதைத் தொடங்கியவர்களையும் ஓட்டுகிறவர்களையும் கும்பிட வேண்டும். எழுபது வளைவிலும் உள்ளே கிடக்கிற உயிர் புரளுகிறது. சட்டப்படி இறங்குகிற வண்டிதான் நிற்க வேண்டும். ஆனால் சங்கு ஊதிக்கொண்டு இந்த வண்டி இறங்கினால் ஏறுகிற லாரி ஒதுங்கி நிற்கும். காரவள்ளியில் தரை தட்டியதும், நாமக்கல்லுக்குச் சேந்தமங்கலம் வழி. பெரிய வைத்தியம் என்றால் ராசிபுரம் வழியாகச் சேலம். எழுபது வளைவை ஜெயித்து வந்த வண்டி நகரத்துக்குள் நுழைந்து ஒரு சிவப்பு விளக்குக்கு முன்னால் நிற்கிறது. முன்னால் பஸ், பக்கத்தில் லாரி, சுற்றிலும் ஸ்கூட்டர். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். வழிவிட மனம் இருக்கிறவன்கூட எங்கே போவான்? முன்னால் சிவப்பு, பின்னால் நெரிசல்.

இங்கேதான் அந்தப் பெட்டி பேச வேண்டும். "நான் 108. இந்தத் திசையில் வருகிறேன்" என்று வண்டி முந்நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே கேட்க, விளக்கு பச்சையாகி முன்னால் நிற்கிற கூட்டத்தைக் கரைத்துவிட வேண்டும். இது கதாசிரியனின் கற்பனை இல்லை. ஒளிச்சிமிட்டலைக் கண்டு தீயணைப்பு வண்டிக்குப் பச்சை கொடுக்கிற கருவி 1960களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. வானொலிப் பெட்டி அதையே இன்னும் துல்லியமாகச் செய்யும்.

சென்னைக்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் இருதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போயிற்று. போலீசார் வழி முழுவதும் வாகனங்களை நிறுத்தி வைத்தார்கள். பதினொரு நிமிஷம்! ஊரே கண்ணீர் விட்டது. பிறகு சினிமாவும் வந்தது. அந்தப் பதினொரு நிமிஷம் ஓர் அற்புதமாக இருந்தது என்றால், மற்ற நாட்களில் நம் சாலைகள் எப்படி இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. போலீசார் ஒரு நாள் ஓர் இருதயத்துக்குச் செய்ததை, பேர் தெரியாத பாம்புக்கடிக்காரனுக்கு ஒவ்வொரு நாளும் செய்ய ஆள் காணாது. பெட்டி செய்யும்.

"எல்லா வண்டியிலும் பெட்டி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பத்து வண்டியில் ஒன்றில் பெட்டி இருந்தால், எதிரெதிரே வருகிற இரண்டிலும் பெட்டி இருப்பது நூற்றில் ஒரு தடவைதான். அமெரிக்கா இதற்காக 1999இல் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கியது. புதுக் கார்களில் கட்டாயமாக்குவதாக 2016 டிசம்பரில் ஒரு யோசனை வெளியிட்டது. 2023இல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. நடுவில், 2020 நவம்பரில், ஒதுக்கிய 75இல் 45ஐ எடுத்து வைஃபை முதலியவற்றுக்குக் கொடுத்துவிட்டது. அவ்வளவு பணமிருக்கிற தேசத்திலேயே எல்லாக் காரும் பேசுவதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் 108 விஷயத்தில் இந்தக் கணக்கு ஏது? வண்டியும் அரசாங்கத்தின் திட்டம், விளக்கும் அரசாங்கத்துடையது. ஆயிரத்துச் சொச்சம் வண்டி. இரண்டு முனையும் ஒரே கையில் இருக்கும்போது யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? ஐம்பது பேரை ஏற்றி வருகிற அரசு பஸ்ஸுக்கு இரண்டாவது இடம் கொடுங்கள். ஒற்றை ஆளோடு வருகிற கார் வரிசையில் நிற்கட்டும்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சிவப்புச் சுழல்விளக்கு என்று ஒன்று இருந்தது. பதவியில் இருந்தவர்கள் காரின் தலையில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். 2017 மே முதல் தேதியோடு அதை எடுத்தார்கள். அந்த விளக்காவது கண்ணுக்குத் தெரிந்தது. பார்த்து முணுமுணுக்கவாவது ஜனங்களால் முடிந்தது. வானொலிப் பேச்சு யார் கண்ணுக்குத் தெரியும்? "நானும் ஆம்புலன்ஸ் மாதிரிதான்" என்று ஒரு பெரிய மனிதரின் கார் நாற்சந்தியின் காதில் ரகசியமாகச் சொன்னால், விளக்கு தலையாட்டிவிடும்; சிவப்பில் நிற்கிற நமக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே எந்த நாற்சந்தியில் எந்த வண்டி எத்தனை தடவை பச்சை கேட்டது, எத்தனை தடவை கிடைத்தது என்ற கணக்கை மாதா மாதம் ஊரறிய வெளியிட வேண்டும். பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைக்கக்கூடியதுதான். வெளியிட மாட்டோம் என்று அதிகாரிகள் சொன்னால், யாருக்காக என்று கேளுங்கள்.

நடந்து கடக்கிறவருக்கும் அந்த விளக்கு கடமைப்பட்டிருக்கிறது. வண்டி கேட்டது என்பதற்காகப் பாதி ரோட்டில் நிற்கிற கிழவரின் நேரத்தை வெட்டக்கூடாது. அவர் கரை சேருகிற வரைக்கும் 108கூடச் சில விநாடி பொறுக்கலாம். அதை ஓட்டுகிறவரும் அப்படித்தான் சொல்வார்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ வேறெங்கோ, பேசும் விளக்குக்கு டெண்டர் விடும்போது, முதல் பக்கத்தில் முதல் வரியில் 108 இருக்கட்டும். இரண்டாவது வரியில் அரசு பஸ். மூன்றாவதாக அந்த மாதாந்தரக் கணக்கு. இவ்வளவும் நடந்த பிறகு, கார்க்காரர் தம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை விநாடி எண்ணினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.