நான் வெட்டிய வரிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், வைத்தியர் பதிலளிக்கும் பகுதிக்கு வரும் கடிதங்களைச் சுருக்கிக் கொடுப்பது சில காலம் என் பொறுப்பாக இருந்தது. ஒருநாள் நான்கு பக்கக் கடிதமொன்று வந்தது. மாதவிடாய் நாட்களில் எழுந்து நடக்கவியலாத வயிற்றுவலி, திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் பிள்ளையில்லை, காலையில் விரல் மூட்டுக்கள் விறைத்துப் போகின்றன, எந்நேரமும் களைப்பு என்று ஒரு பெண் எழுதியிருந்தார். பக்கத்தில் இடம் போதவில்லை. மூட்டையும் களைப்பையும் ‘விடயத்துக்குத் தொடர்பற்றவை’ என்று வெட்டிவிட்டேன். வயிற்றுவலி மட்டும் அச்சேறியது. வலிநிவாரணியும் மன அமைதியும் தேவை என்று பதில் வந்தது.

2025 ஏப்ரலில் ‘ஹியூமன் ரிப்ரொடக்‌ஷன்’ சஞ்சிகையில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைப் பற்றி வாசித்தபோது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் சூலகத்திலும் குடலிலும் இடுப்பறைச் சுவரிலும் வளர்ந்து அழற்சியை உண்டாக்கும் எண்டோமெற்றியோசிஸ் பற்றியது அது. பிரித்தானியாவின் யூகே பயோபாங்க் தரவுகளிலிருந்து இந்நோயுள்ள 8,000 க்கும் மேற்பட்ட பெண்களையும், நோயெதிர்ப்புத் தொகுதி சார்ந்த நோய்களுள்ள 64,000 பெண்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்களுக்கு முடக்குவாதம், மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ், சீலியாக், சொரியாசிஸ், மூட்டுத்தேய்வு ஆகியவை ஏற்படும் வாய்ப்பு 30 முதல் 80 சதவீதம்வரை கூடுதலாம். மூட்டுத்தேய்வு, முடக்குவாதம் இரண்டுடனும், ஓரளவுக்கு மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸுடனும் பரம்பரை அலகுகளிலேயே பொதுவான அடிப்படை காணப்படுகிறது. நான் வெட்டிய மூட்டு!

இதைப் புதிய கண்டுபிடிப்பென்று கொண்டாடுவோரிடம் ஒரு கேள்வி. இதே சஞ்சிகையில் 2002 இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. இந்நோயுள்ள 3,680 பெண்களிடம் கேட்டபோது, தன்னுடல் தாக்கு நோய்களும் தீராத களைப்பும் அவர்களிடையே வழமைக்கு மிஞ்சி இருந்தன. பதிலளித்தவர்கள் ஒரு நோயாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், வருத்தம் முற்றியவர்களே சங்கத்தில் சேர்வார்கள் என்று ஐயுற இடமிருந்தது. நியாயமான ஐயந்தான். ஆனால் அந்த ஐயத்தின் நிழலில் எத்தனை வைத்தியர்கள் சௌகரியமாக ஒதுங்கிக்கொண்டார்கள்? பெண் தன் வாயால் சொன்னதைப் ‘பயந்த சுபாவம்’ என்றவர்கள், அதையே ஜீன் சொன்னதும் தலையாட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. இத்தனை பேருமா பயந்த சுபாவம்?

நம் வீடுகளும் சளைத்தவை அல்ல. “கலியாணம் கட்டினால் சரிவரும்” என்று சொல்லாத பெரியம்மா எந்த ஊரில் இருக்கிறார்? இப்போது எனக்குள்ள அச்சம் வேறு. ‘பரம்பரை’ என்ற சொல் சாதகக் கட்டுக்குள் புகுந்துவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள் தாய்க்கு வாதமா, தமக்கைக்கு வயிற்றுவலியா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்காகவே சொல்கிறேன்: நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோயென்று வைத்துக்கொண்டால், 80 சதவீதம் கூடினாலும் அது இருவரை எட்டாது. எண்டோமெற்றியோசிஸே ஒரு தன்னுடல் தாக்கு நோய் என்றும் இந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆய்வாளர்களுடனும் எனக்கொரு வழக்குண்டு. யூகே பயோபாங்க் 2006 முதல் 2010 வரை சேர்த்த ஐந்து இலட்சம் பேரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வெள்ளையர்கள். லண்டனில் வாழும் நம் பெண்களின் வலி இந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லை. இதிலிருந்து நாளை மருந்து செய்வார்களாயின், அது யாருடைய உடலை அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்கும்?

ஆய்வுகள் விரியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்றுண்டு. மகப்பேற்று நிபுணர் தன்னிடம் வருபவரிடம், காலையில் விரல்கள் மடங்குகின்றனவா என்று கேட்கலாம். வாத நிபுணர், மாதவிடாய் எப்படி என்று கேட்கலாம். இரண்டுக்கும் ஸ்கான் வேண்டாம், காசும் வேண்டாம். எங்கள் கிளினிக்குகளில் நோயாளி தானாகச் சொன்னாலும், “அதை அந்த டொக்டரிடம் சொல்லுங்கோ” என்றுதான் பதில் வருகிறது.