கோரிக்கை மனு: சிறு விமானங்களுக்கான பெட்ரோலை மதுரையில் வழங்கக் கோருதல்

அனுப்புநர்:
செயலாளர், சிறு விமானம் வைத்திருப்போர் சங்கம், திருவாதவூர், மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
விமானப் போக்குவரத்துக்கும் எரிபொருள் வழங்கலுக்கும் பொறுப்பான அதிகாரிகள்.

பொருள்: சிறு விமானங்களுக்கான பெட்ரோலாகிய அவ்காஸ் 100 எல்.எல். கோருதல் – மீண்டும் நினைவூட்டல்.

ஐயா / அம்மையீர்,

பழைய செஸ்னா 150, 172 ரக ஒற்றை எஞ்சின் விமானங்களைக் கூட்டாக வாங்கிச் சொந்தச் செலவில் ஓட்டுபவர்கள் எங்கள் உறுப்பினர்கள்.

முதல் மனுவில் அவ்காஸ் கேட்டோம். விமான எரிபொருள் போதிய அளவு இருப்பில் உள்ளதாகப் பதில் வந்தது. ஆனால் இருப்பில் உள்ளது ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை. எங்களுடையவை ஸ்பார்க் பிளக் வைத்த பெட்ரோல் எஞ்சின்கள். இரண்டாம் மனுவில் இதை விளக்கினோம். பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமே என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அது ஏன் முடியாது என்று விளக்கிய மூன்றாம் மனுவுக்குப் பதிலே இல்லை. ஆகவே அதையே திரும்ப எழுதுகிறோம்.

செஸ்னா 150-க்குக் கார் பெட்ரோல் போடலாம் என அமெரிக்காவில் 1982-இல் ஒப்புதல் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு மட்டும். இன்று நம் பங்க்குகளில் விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் கெடுக்கும். உயரே போனால் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினைப் பட்டினி போடும். பைக் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்; வானில் அது முடியாது. இறைவன் அருளால் நரி பரியானது எங்கள் ஊர் மாணிக்கவாசகருக்காகத்தான். பங்க் பெட்ரோலை அவ்காஸாக்கும் அந்த அருள் எங்கள் டாங்க்குக்கு இன்னும் கிட்டவில்லை.

1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 15-ஆம் விதியைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். பறக்கும் தகுதிச் சான்று எந்த நிபந்தனைகளின் பேரில் தரப்பட்டதோ, அவற்றை நிறைவேற்றாத விமானம் பறக்கக் கூடாது என்கிறது அது. எந்த எரிபொருள் போட வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளுள் அடக்கம். விதியை எங்களுக்குக் காட்டுகிற கைதான் விதிக்குரிய எரிபொருளையும் காட்ட வேண்டும்.

அவ்காஸை இறக்குமதி செய்ய வேண்டும் என்ற காரணமும் இப்போது செல்லாது. 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயிலின் வடோதரா ஆலையிலேயே அவ்காஸ் தயாராகிறது. 1932-இல் ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் கொண்டுவந்தபோது, அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. இன்று வடோதராவிலிருந்து லாரியில் சில பீப்பாய்கள் மதுரைக்கு வர முடியாதா? செஸ்னா 150 மணிக்குக் குடிப்பது 20 லிட்டருக்குச் சற்று மேல். கிடங்கு எதுவும் கட்டித்தரக் கேட்கவில்லை.

மேலும், நிறுத்துமிடத்தில் விமானத்தைக் கட்டிவைக்க வளையங்கள் பதித்துத் தரவும், விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை மதுரையிலேயே நடத்தவும், செட்டிநாடு, கயத்தாறு ஆகிய போர்க்கால ஓடுதளங்களில் சிறு விமானங்கள் இறங்க இயலுமா எனத் தெளிவுபடுத்தவும் வேண்டுகிறோம்.

அவ்காஸ் குறித்த பதிலை மட்டுமாவது, 15-ஆம் விதியைக் குறிப்பிட்டு, எழுத்துமூலம் 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன்.