பொத்தான் யார் கையில்?

2014 அக்டோபர் 20 இரவு, சிகாகோவில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டார். கையில் கத்தியோடு மிரட்டி வந்தார் என்றது காவலர் தரப்பு. ரோந்து வண்டியின் கேமராவிலோ, அவர் காவலர்களைவிட்டு விலகி நடந்துகொண்டிருந்தார். அந்தப் பதிவு மக்கள் கண்ணில் பட 13 மாதங்களும் ஒரு நீதிமன்ற உத்தரவும் தேவைப்பட்டன. வெளியான அதே நாளில்தான் காவலர் மீது கொலைக் குற்றச்சாட்டு பாய்ந்தது.

கேமரா வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது.

பால்டிமோர் காவலர்களின் சட்டைக் கேமராவில் ஒரு வசதி உண்டு: பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளும் ஒலியில்லாமல் சேமிக்கப்படும். 2017இல் ஒரு காவலர் போதைப்பொருளைக் குப்பைக்கு நடுவே தானே வைத்துவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தி அதைக் ‘கண்டெடுத்த’ கதை அந்த 30 விநாடியால்தான் அம்பலமானது. போலி ஆதாரம் உருவாக்கியதாக 2018இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

இயந்திரம் இல்லாவிட்டால் இரண்டுமே வெளிவந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால், வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து நடந்து, 2017இல் வெளியான ஆய்வு, கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் பலப்பிரயோகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. எனவே விதிதான் முக்கியம். எப்போது பதிவைத் தொடங்க வேண்டும், தொடங்காதவருக்கு என்ன தண்டனை, எத்தனை நாளில் வெளியிட வேண்டும்? மெக்டொனால்ட் விவகாரத்துக்குப் பிறகு சிகாகோ 60 நாள் கெடு விதித்தது. வட கரோலினாவின் 2016 சட்டமோ, பதிவு பொது ஆவணமே அல்ல, வெளியிட நீதிபதியின் ஆணை வேண்டும் என்கிறது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கேமராவுக்குச் சிகாகோவின் கெடுவே நியாயம். அதைத் தவறவிடும் அதிகாரிக்கு அபராதமும் சேர வேண்டும்.