விலை கொடுத்து வாங்கியதுதானா?

கொடிகாமச் சந்தைக்குப் போகும் வழியில் அண்மையில் ஒரு லொறியைக் கண்டோம். தேங்காயோ பலாப்பழமோ ஏற்றிய லொறியன்று. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு பெட்டகத்தின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு சாய்மனைக் கதிரைகள்; பக்கத்தில் ஏதோ ஒரு நாற்சார் வீட்டிலிருந்து கழற்றிய கதவும் நிலையும். எங்கே போகிறதென்று கேட்டோம். "கொழும்புக்கு, மாஸ்ரர். ஒண்டும் களவில்லை, எல்லாம் விலை குடுத்து வாங்கினதுதான்" என்றார் சாரதி. களவென்று நாம் சொல்லவேயில்லை.

பழம்பொருள் வியாபாரத்தைப் பண்பாட்டுத் தொண்டென்று புகழ்வோர் நம்மிடையே பெருகிவிட்டனர். கறையான் தின்னவிருந்ததைக் காப்பாற்றுகிறார்களாம். மறைந்த கலைக்கு மதிப்புத் தேடித் தருகிறார்களாம். அந்த மதிப்பு யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே நமது கேள்வி.

கதிரை, மேசை, அலுமாரி என்ற சொற்களே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். எசமானர் மாறினர், உளி பிடித்த கை மாறவில்லை. வன்னிக் காட்டின் முதிரையையும் கருங்காலியையும், வளவில் நின்ற பலாவையும் அறுத்து, இழைத்து, கடைந்தவர் இந்நாட்டுத் தச்சரே. ஆறு கால்களும் வட்ட இருக்கையும் பிரம்புப் பின்னலும் கொண்ட 'பேர்கோமாஸ்டர்' கதிரையை இன்று 'ஒல்லாந்தக் கதிரை' என்று விற்கிறார்கள். அதில் அமர்ந்தவனின் பட்டம் பொருளுக்குப் பெயராக நிலைத்தது. செய்தவனின் பெயரைக் கேட்பார் இல்லை.

இந்த மறதி புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், செதுக்கு வேலை நிறைந்த கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கித் தம் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்பது அவர் நம்பிக்கை. அத்தகைய கதிரைகள் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. தமிழ் நிலத்துத் தச்சனின் உழைப்பு இங்கிலாந்தின் பழம்பெருமையாக எண்ணப்பட்டுப் பல காலம் போற்றப்பட்டது! செய்தவன் யார் என்று எழுதிவைக்காத பொருளுக்கு நேரும் கதி இது.

ஆனால் நாமும் நம் வீட்டுப் பெருமையை அளவுக்கு மீறிப் பேச வேண்டாம். அந்த நாற்சார் வீட்டுக் கதிரையில் இருக்க எத்தனை பேருக்கு உரிமை இருந்தது? 1930ஐ ஒட்டிய காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற கட்டளை வந்தபோது, அதைப் பொறாதார் பாடசாலைகளையே எரித்த மண் இது. தரையில் இருத்தப்பட்ட பிள்ளையின் பேரனுக்குப் பழங்கதிரையின் 'அழகு' பற்றி விரிவுரை செய்யப் புறப்படுமுன் சற்று நாணுவோம்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். இத்தொழிலில் இலாபம் பிறப்பது விற்கும்போதன்று, வாங்கும்போதே. வாங்குவதற்குத் தக்க காலம், விற்பவர் விற்றே தீரவேண்டிய காலம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்து விழுந்தது. கொடிகாமத்துப் பாடசாலைகளும் மரநிழல்களும் மனிதரால் நிறைந்தன. சைக்கிளில் பெட்டகம் கொண்டுவந்தவர் யார்? 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது; மீண்டு வந்தவர்கள் கூரையும் கதவும் இல்லாத சுவர்களைக் கண்டனர். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் உறவினர் வந்தனர். அவர்கள் பின்னால் லொறியும் வந்தது. 2009க்குப் பின்னும் அதே கதைதான்.

முதலில் வருபவர் உள்ளூர்த் தரகர். பித்தளைப் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டபடி விறாந்தையில் இருந்து, கண்ணால் வீட்டை அளப்பார். "ஆச்சி, இது உளுத்துப்போச்சு. பிள்ளையள் வெளிநாட்டிலை, உங்களுக்கு இது என்னத்துக்கு? விறகு விலைக்குத்தான் போகும், நான் கொஞ்சம் கூடத் தாறன்." ஆச்சிக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது. விலை முடிந்துவிடுகிறது. இதைத்தான் 'விலை கொடுத்து வாங்கியது' என்கிறார்கள்.

கொழும்பிலும் காலியிலும் பட்டறைகளில் அடுத்த அங்கம் நடக்கிறது. உடைந்த இரண்டு கதிரைகளை ஒன்றாக்குவர். புதுப் பிரம்பு பின்னித் தேநீர்ச் சாயத்தால் பழைமை ஏற்றுவர். ஆங்கிலேயர் காலத்துச் சாமானும் ஒல்லாந்தர் காலத்ததாகிவிடும். வாங்கும் கனவான்களுக்குச் சில அடையாளங்களை இலவசமாகத் தருகிறோம். மரம் குறுக்கே சுருங்குமே தவிர நெடுக்கே சுருங்காது. ஆகவே உண்மையில் பழைய வட்ட மேசைப் பலகை அளந்து பார்த்தால் முழு வட்டமாக இராது. கைவாளின் தடம் நேர்கோடாகவும், வட்டவாளின் தடம் வளைகோடாகவும் இருக்கும். கூர்முனை கொண்ட இயந்திரத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிச் சரக்கு.

வியாபாரி சொல்வதில் உண்மையே இல்லையா? உண்டு. பூட்டிய வீட்டில் பெட்டகங்கள் மழையில் நனைந்து உக்கியதை நாமும் கண்டிருக்கிறோம். பொருள் தப்பியிருக்கலாம், அதன் வரலாறு தப்பவில்லை. எந்த ஊர், எந்த வீடு, யாருக்குச் சீதனமாக வந்தது என்பதெல்லாம் லொறியில் ஏறிய மறுகணமே அழிந்துவிடுகின்றன. அவற்றை அறிந்திருப்பது வியாபாரிக்கு நட்டம். கேட்பவர் ஆச்சிக்குக் கொடுத்த விலையையும் கேட்டுவிடலாம் அல்லவா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இருக்கின்றன; அனுமதியின்றிப் பண்பாட்டுச் சொத்தைக் கடல் கடத்தக் கூடாது. நன்று. ஆனால் கொடிகாமத்து விறாந்தையில் ஒரு கிழவி ஏமாற்றப்படுவதைத் துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரி எப்படித் தடுப்பார்?

ஒவ்வொரு பழம்பொருளின் பற்றுச்சீட்டிலும் வாங்கிய ஊரும் கொடுத்த விலையும் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறோம். பிரதேச சபைகள் ஓர் அறையையேனும் ஒதுக்கி, விற்க நேர்ந்தோரிடம் நியாய விலைக்குத் தாமே வாங்க வேண்டும். அவை நடக்கும்வரை ஆசிரியர்களுக்கு வேலை இருக்கிறது. எமது மாணவர் சிலர் தம் அயலில் உள்ள பெட்டகங்களையும் கதிரைகளையும் அளந்து, மரத்தையும் அவை வந்த வழியையும் வீட்டாரிடம் கேட்டு, அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கின்றனர். இரண்டு வீடுகளில் இவர்கள் போகுமுன்பே தரகர் போய்விட்டார். கிடைத்த விலையைக் கேட்டு அதையும் குறித்துக்கொண்டு வந்தனர்.